பாவசங்கீர்த்தனம் இருக்க, கூட்டம் எதற்கு?



ஞாயிறு பூசை முடிந்து சனங்கள் கலைந்த பிறகு, தயங்கித் தயங்கி நிற்கும் தாய்மார்கள் குருக்களிடம் கேட்கிற கேள்வி ஒன்று உண்டு. "சாமி, தபசு காலம் முழுக்க அவரு குடிக்கல. பாவசங்கீர்த்தனம் பண்ணினாரு, நன்மை வாங்கினாரு. உயிர்த்த ஞாயித்துக்கிழமை சாயங்காலமே கடைக்குப் போயிட்டாரு. இப்ப ஆஸ்பத்திரியில, குடிச்சு நிறுத்தினவங்க கூட்டம்னு ஒண்ணு இருக்கு, அங்க அனுப்புங்கன்னு சொல்றாங்க. அது நம்ம கோயில் காரியமா? போகலாமா, கூடாதா?"

இக்கேள்விக்குள் மூன்று கேள்விகள் அடங்கியிருக்கின்றன. குடிவெறி பாவமா, வியாதியா? பாவமென்றால் பாவசங்கீர்த்தனம் போதாதா? வியாதியென்றால் வைத்தியர் போதாதா? இவற்றுக்குத் தெளிவான விடை இல்லாமையால் எத்தனையோ குடும்பங்கள் ஆண்டுக்கணக்காகத் தடுமாறுகின்றன. ஆகையால் இவற்றை ஒவ்வொன்றாக எடுத்துப் பார்ப்போம்.

கூட்டம் என்பது யாது?

முதலாவது, அந்தக் கூட்டம் இன்னதென்று அறிந்துகொள்வோம். ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் என்பது அதன் பெயர். ஏ.ஏ. என்று சுருக்கமாகச் சொல்வார்கள். பெயரை வெளியிடாத குடிநோயாளர் என்பது பொருள். அது 1935-ம் ஆண்டு அமெரிக்காவில் ஆக்ரன் என்னும் நகரில் தோன்றிற்று. அது தோன்றிய விதம் நாம் கவனிக்கத்தக்கது.

பில் வில்சன் என்பவர் பங்கு வியாபாரத் தரகர். பெருங்குடியராயிருந்து சில மாதங்களாகக் குடியை நிறுத்தியிருந்தவர். ஒரு காரியமாக ஆக்ரனுக்கு வந்தார், காரியம் தோற்றது. தங்கியிருந்த ஓட்டலின் கூடத்தில் நின்றார். ஒரு பக்கம் மதுக்கூடம், மறுபக்கம் தொலைபேசி. தன்னைப் போன்ற வேறொரு குடிகாரனோடு பேசினாலன்றித் தான் மீண்டும் விழுவது நிச்சயம் என்று உணர்ந்தார். அவ்வூர்க் கோயில்களின் பட்டியலைப் பார்த்து, ஒரு குருவானவரைத் தொலைபேசியில் கூப்பிட்டார். அக்குருவானவர் கத்தோலிக்கரல்லர், ஆயினும் அந்நியன் ஒருவனின் விநோதமான வேண்டுகோளைத் தள்ளிவிடாமல் சிலருடைய பெயர்களைக் கொடுத்தார். அப்படியாக, மே மாதம் 12-ந் தேதி, டாக்டர் பாப் ஸ்மித் என்னும் அறுவை வைத்தியரை வில்சன் சந்தித்தார். அந்த வைத்தியரும் குடிக்கு அடிமை. அவ்விருவருமே முதற் கூட்டம்.

நமது திருச்சபைக்கும் இதில் பங்குண்டு. 1939-ல் அதே ஆக்ரனில், அர்ச். தோமையார் மருத்துவமனையில் சேவை செய்த கன்னியர் இக்னேஷியா, குடிகாரரை எந்த மருத்துவமனையும் சேர்க்க விரும்பாத நாளில், வயிற்று அழற்சி என்று எழுதி அவர்களைப் படுக்கையில் சேர்த்தார். குணமாகிப் போகும் ஒவ்வொருவருக்கும் திரு இருதயப் படம் ஒன்றைக் கொடுத்து, "மறுபடியும் குடிக்க நினைத்தால், முதலில் இதை என்னிடம் திருப்பிக் கொடுத்துவிட்டுக் குடி" என்னும் பொருள்படச் சொல்லியனுப்புவார். 1940-ல் சேசு சபைக் குரு எட்வர்ட் டௌலிங், அவர்களுடைய பன்னிரண்டு படிகளுக்கும் அர்ச். இஞ்ஞாசியாரின் ஞானத் தியான முயற்சிகளுக்கும் ஒற்றுமை இருப்பதைக் கண்டு, வில்சனைத் தேடிப் போய் அவருக்கு நெடுங்கால நண்பரானார். இந்தியாவில் இக்கூட்டம் 1957-ல் தில்லியில் துவங்கிற்று.

இதில் சேர ஒரேயொரு தகுதிதான் கேட்கப்படுகிறது: குடியை நிறுத்த வேண்டுமென்ற ஆசை. சந்தா இல்லை, மதம், சாதி, கட்சி கேட்பதில்லை. கடவுளை நம்பச் சொல்கிறார்கள். எந்த மதத்தின் வழிபாட்டையும் புகுத்துவதில்லை. ஆகையால் கத்தோலிக்கன் அங்கே தன் விசுவாசத்தை வாசலில் கழற்றி வைக்க வேண்டியதில்லை.

பாவமா, வியாதியா?

இரண்டாவது, குடிவெறி பாவமா, வியாதியா? ஞானோபதேசத்தில் படித்திருக்கிறோம்: தலையான பாவங்கள் ஏழில் போசனப்பிரியம் ஒன்று, அதற்கு எதிரான புண்ணியம் மட்டசனம். மதுபானத்தின் வலிமையை அறியாமல் வெறிகொண்டவனுக்கும், புத்தியை இழப்போம் என்று தெரிந்தே குடிப்பவனுக்கும் உள்ள வேறுபாட்டை அர்ச். தோமாஸ் அக்குயினாஸ் விளக்கி, பிந்தியவன் சாவான பாவம் கட்டிக்கொள்கிறான் என்று போதிக்கிறார். சர்வேசுரன் மனிதனுக்குத் தந்த மேலான கொடை புத்தி. அதைக் காசு கொடுத்துக் கெடுத்துக்கொள்வது சிறு குற்றமாகாது.

மெய்தான். ஆனால் அதே வேதசாஸ்திரம் இன்னொன்றையும் போதிக்கிறது. பழக்கமும், அச்சமும், ஒழுங்கற்ற பற்றுதலும் ஒருவனுடைய மனச் சுதந்திரத்தைக் குறைக்கக்கூடும். சுதந்திரம் குறையுமளவுக்குக் குற்றப் பொறுப்பும் குறையும். திருச்சபையின் இன்றைய ஞானோபதேச நூலும் இதையே சொல்கிறது. வைத்தியர்களும் நெடுங்காலமாக இதை ஒரு நோயாகக் கருதி வருகிறார்கள். நாள்தோறும் குடித்த உடம்பு அக்குடிக்குப் பழகி, அது இல்லாவிடில் நடுங்குகிறது; வியர்க்கிறது; உறங்க மறுக்கிறது. அப்போது அவன் இன்பத்துக்காகக் குடிப்பதில்லை. கை நடுங்காமல் வேலைக்குப் போவதற்காகக் குடிக்கிறான்.

ஆகவே பாவமும் வியாதியும் ஒன்றையொன்று தள்ளிவிடும் சொற்களல்ல. பாவ வாசல் வழியாக நுழைந்த ஒன்று வியாதியாகக் குடியேறிவிடலாம். நுழைந்தது எவ்வாறாயினும், வெளியேற வழி தேடும் கடமை அவனுக்கு உண்டு. காலொடிந்தவனை எழுந்து ஓடு என்று யாரும் கட்டளையிட மாட்டார்கள். ஆனால் வைத்தியரிடம் தூக்கிப்போக வந்தவர்களை அவன் விரட்டினால், அது அவன் குற்றமே.

இங்கே ஒரு நுட்பமான ஆட்சேபம் எழும். குடியின் முன் நாங்கள் பலமற்றவர்கள் என்று ஒப்புக்கொள்வது அவர்களுடைய முதற்படி. மனிதனுக்குச் சுயாதீனம் உண்டென்று போதிக்கிற நாம் இதை ஏற்கலாமா? ஏற்கலாம். எவ்வாறெனில், அவன் சுயாதீனம் அற்றுப்போகவில்லை. அது இடம் மாறியிருக்கிறது. மூன்றாவது கிளாசின் முன் அவனுக்குச் சுதந்திரம் ஏறக்குறைய இல்லை. முதல் கிளாசுக்கு முன் கொஞ்சம் உண்டு. காலையில் தெளிந்த புத்தியோடிருக்கையில், "எனக்கு உதவி வேண்டும்" என்று ஒருவரிடம் சொல்ல நிறையவே உண்டு. அந்த இடத்தில் அவன் தன் சுதந்திரத்தை உபயோகிக்க வேண்டும். அன்றியும், தேவ இஷ்டப்பிரசாதமின்றித் தன் பலத்தாலேயே நன்மை செய்து கரையேறலாம் என்ற பெலாஜியுசின் போதனையை, 418-ல் கார்த்தேஜ் சங்கம் கண்டித்தது. "நான் நினைத்தால் நாளைக்கே நிறுத்துவேன்" என்று பத்து வருடமாகச் சொல்பவனைவிட, "என்னால் தனியாக முடியாது" என்பவன் கத்தோலிக்க வேதத்துக்கு அதிகம் அருகில் நிற்கிறான்.

பாவசங்கீர்த்தனம் போதாதா?

மூன்றாவது, இதுவே முக்கியமான கேள்வி. பாவத்தை மன்னிப்பதற்குப் பாவசங்கீர்த்தனம் போதும். அதில் ஐயமில்லை. எந்தக் கூட்டமும் பாவத்தை மன்னிக்க முடியாது. ஆனால் பாவசங்கீர்த்தனம் எதை வாக்களிக்கிறது, எதை வாக்களிக்கவில்லை என்று பார்க்க வேண்டும். அது பாவப் பொறுத்தலையும் இஷ்டப்பிரசாதத்தையும் தருகிறது. உடம்பின் தாகத்தை அக்கணமே எடுத்துவிடுவதாக வாக்களிக்கவில்லை. சர்வேசுரன் சித்தமானால் அப்படியும் செய்வார். ஆனால் அற்புதத்தை நாம் கடனாளியிடம் பாக்கி கேட்பதுபோல் கேட்கக்கூடாது.

பெத்தானியாவில் லாசருக்கு நடந்ததை நினைத்துப் பாருங்கள். இறந்து நான்கு நாளானவனை உயிரோடெழுப்பியது சேசுநாதரின் வார்த்தை ஒன்றே. எழுப்பிய பிறகோ, அவனுடைய கைகால் கட்டுகளை அவர் தாமே அவிழ்க்கவில்லை. சுற்றிலும் நின்றவர்களை அவிழ்த்துவிடச் சொன்னார். உயிர் தந்தது ஆண்டவர். கட்டவிழ்த்தது அண்டை வீட்டார். மாற்கு சுவிசேஷத்தில் வரும் திமிர்வாதக்காரனையும் பாருங்கள். நாலு பேர் கட்டிலைத் தூக்கி, கூரையைப் பிரித்து அவனை இறக்கினார்கள். ஆண்டவர் அந்த நாலு பேருடைய விசுவாசத்தையும் பார்த்தே அவனுடைய பாவங்களை மன்னித்தார்.

இன்னும் ஒன்று. நல்ல பாவசங்கீர்த்தனத்துக்கு மனஸ்தாபம் மட்டும் போதாது, பிரதிக்கினையும் வேண்டும். பிரதிக்கினை என்றால், இனிமேல் செய்வதில்லையென்று வாயால் சொல்வது மட்டுமா? பாவ சந்தர்ப்பத்தை விலக்கவும், விழாமலிருக்கத் தக்க வழிகளைக் கையாளவும் தீர்மானிப்பதே பிரதிக்கினை. பத்து முறை தனியாக முயன்று பத்து முறையும் விழுந்தவன், பதினோராம் முறையும் அதே விதமாகத் தனியாகவே முயல்வேன் என்றால், அவன் தக்க வழியைத் தேடுகிறானென்று எப்படிச் சொல்வது? ஆகவே கூட்டம் பாவசங்கீர்த்தனத்துக்குப் போட்டியாக வந்ததன்று. பாவசங்கீர்த்தனம் கேட்கிற பிரதிக்கினைக்குக் கைகால் முளைத்தது போன்றது அது.

டப்ளின் நகரத்துக் கூலித் தொழிலாளி மாட் டால்பட் கூட்டமின்றித்தானே குடியை வென்றார் என்று சிலர் வினவலாம். 1884-ல் மூன்று மாதத்துக்கு வார்த்தைப்பாடு கொடுத்துத் துவங்கி, 1925-ல் பூசைக்குப் போகும் வழியில் தெருவில் விழுந்து இறக்கும் வரை அவர் ஒரு சொட்டும் குடிக்கவில்லை. 1975-ல் வணக்கத்துக்குரியவர் என்று பாப்பரசரால் அறிவிக்கப்பட்டார். ஆனால் அவர் தனியாக வெல்லவில்லை. நாடோறும் பூசை கண்டார்; அர்ச். பிரான்சீஸ்குவின் மூன்றாம் சபையில் சேர்ந்தார்; குருமார்களுடைய ஆலோசனையின் கீழ் நடந்தார்; மதுக்கடையைக் கடந்து போகும்போது சபலம் வராதபடிக்குக் கையில் காசு வைத்துக்கொள்வதையும் விட்டார். பழைய கூட்டத்தை விட்டுப் புதிய கூட்டத்தில் சேர்ந்தவர் அவர். நாற்பது நாள் குடிக்காமலிருந்து நாற்பத்தோராம் நாள் கடைக்குப் போகிறவருக்கும் அவருக்கும் உள்ள வேறுபாடு இதுவே. தபசு காலத்தில் நம்மவருக்கு ஊரே துணை நிற்கிறது: பூசையும் சிலுவைப்பாதையும் காவி வேட்டியும் அக்கம்பக்கத்தாரின் கண்களும் அவரைத் தாங்குகின்றன. அது முடிந்ததும் தாங்குகிற தூண்கள் எடுக்கப்படுகின்றன. அவருக்கு வருடம் முழுவதும் நிற்கும் தூண் வேண்டும்.

குடித்தவனே ஏன் வேண்டும்?

சரி, தூண் வேண்டுமென்றால் மனைவி இல்லையா? குருவானவர் இல்லையா? வைத்தியர் இல்லையா? எல்லாரும் வேண்டும். ஆயினும் குடித்து மீண்டவன் ஒருவனால் மட்டும் செய்யக்கூடியது உண்டு. டாக்டர் பாப் தாமே வைத்தியர். குடியின் கேட்டைப் பற்றி அவருக்குத் தெரியாதது எதுவுமில்லை. உபதேசங்களும் நிறையக் கேட்டவர். வில்சனோ அவருக்கு உபதேசிக்கவில்லை. தன் கதையைச் சொன்னார். தன் மொழியில் பேசும் ஒருவனை முதன்முதலாகக் கண்டதால் அவர் செவிகொடுத்தார். குருவானவரிடம் குடிகாரன் வெட்கப்படுகிறான். மனைவியிடம் பொய் சொல்கிறான். வைத்தியரிடம் பாதி சொல்கிறான். அலமாரிக்குப் பின்னால் பாட்டிலை ஒளித்து வைத்த இன்னொருவனிடம் பொய் செல்லாது, வெட்கத்துக்கும் இடமில்லை. அன்றியும், புதியவனுக்கு உதவி செய்கிற பழையவனும் அந்த உதவியினாலேயே விழாமல் நிற்கிறான். கொடுப்பவனும் வாங்குபவனும் ஒரே மருந்தைச் சாப்பிடுகிற அதிசயம் அங்கே நடக்கிறது.

நமது ஊர்களின் நிலை

இனி விழுப்புரம், திண்டிவனம் பக்கத்து நிலையைப் பார்ப்போம். 2023-ம் ஆண்டு மே மாதம், மரக்காணத்தை அடுத்த எக்கியார்குப்பத்தில் மெத்தனால் கலந்த சாராயம் குடித்துப் பத்துக்கும் மேற்பட்டோர் மாண்டார்கள். மறு வருடம் ஜூன் மாதம், 2019 வரை நமது மாவட்டத்தோடு சேர்ந்திருந்த கள்ளக்குறிச்சியில், கருணாபுரத்தில் அதே நஞ்சைக் குடித்து 60-க்கும் மேற்பட்டோர் மாண்டார்கள். அந்த நாட்களில் ஊரே அழுதது. ஆனால் சட்டப்படி விற்கிற பாட்டிலால் ஈரல் கெட்டு மெதுவாகச் சாகிறவனுக்காக ஊர் கூடி அழுவதில்லை. 1937-ல் சேலத்தில் ராஜாஜி மதுவிலக்கைத் துவக்கினார். 1971-ல் அது தளர்த்தப்பட்டது. 2003 முதல் அரசின் டாஸ்மாக் நிறுவனமே சில்லறைக் கடைகளை நடத்துகிறது. கிழக்கே ஒரு மணிப் பயணத்தில் புதுச்சேரியின் மலிவான சரக்கு. சட்டம் திருந்த வேண்டுமென்று கேட்பது நம் உரிமை. ஆனால் சட்டம் திருந்தும் வரை நம் வீட்டுத் திண்ணையில் கிடப்பவன் காத்திருக்க முடியாது.

இதில் விந்தை ஒன்றைக் கவனியுங்கள். பட்டப்பகலில் நண்பகல் பன்னிரண்டு மணிக்குக் கடை வாசலில், பஸ்ஸில் போகிறவரெல்லாம் பார்க்க வரிசையில் நிற்க நம்மவர் வெட்கப்படுவதில்லை. குடியை விட்டவர்கள் கூடும் அறையின் படியேற மட்டும், "யாராவது பார்த்துவிட்டால்?" என்று வெட்கப்படுகிறார். நோய் வெளியே திரிகிறது. மருந்து ஒளிந்து வரவேண்டியிருக்கிறது. இந்த வெட்கத்தை உண்டாக்கியவர்கள் யார்? "குடிகாரன்" என்று பெயர் வைத்துப் பரிகசித்துவிட்டு, அதே வாயால் கலியாணத்திலும் சாவு வீட்டிலும் "ஒரு நாளைக்குத்தானே, போடு" என்று ஊற்றிக் கொடுக்கிற நாம்தான். ஞானஸ்நான விருந்துகளிலும் இது நடக்கிறதென்று கேள்வி. குழந்தை பசாசை விட்டுவிடுவதாகக் காலையில் அதன் பெயரால் சொல்லிவிட்டு, மாலையில் அதன் தகப்பனை அதே பசாசிடம் பிடித்துக் கொடுப்பது என்ன நியாயம்?

வழி தேடுவது எப்படி?

கூட்டத்தைத் தேடுகிறவர் கவனிக்க வேண்டியவை சில.

1. பல ஆண்டு நாள்தோறும் குடித்தவர் வீட்டில் திடீரென்று நிறுத்தக் கூடாது. நிறுத்திய இரண்டு முதல் நான்கு நாட்களுக்குள் வலிப்பும் சித்தப்பிரமையும் வரலாம், உயிருக்கே ஆபத்தாகலாம். முதலில் முண்டியம்பாக்கம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் மனநலப் பிரிவையோ, திண்டிவனம் அரசு மருத்துவமனையையோ, புதுச்சேரி ஜிப்மரையோ நாடுங்கள். வைத்தியம் உடம்பைத் தெளிவிக்கும். தெளிந்த உடம்பைக் காக்கக் கூட்டம் வேண்டும். இரண்டும் ஒன்றையொன்று அறியும். ஆகையால் கூட்டம் எங்கே நடக்கிறதென்று அங்கேயே கேளுங்கள். 14446 என்னும் மத்திய அரசின் இலவசத் தொலைபேசியிலும் வழி கேட்கலாம்.

2. உள்ளூரில் யாராவது பார்ப்பார்களென்று கூச்சமானால், விழுப்புரத்தார் திண்டிவனத்துக்கோ, திண்டிவனத்தார் புதுச்சேரிக்கோ சென்னைக்கோ போய் வரலாம். சரக்குக்காக அத்தனை தூரம் போன கால்கள் இதற்கும் போகும். முதல் நாள் பேச வேண்டியதில்லை. உட்கார்ந்து கேட்டால் போதும். பெயர் எழுதி வாங்க மாட்டார்கள். அங்கே கேட்டதை வெளியே சொல்வதில்லை என்பது அவர்கள் ஒழுங்கு. ஒரு நாள் கேட்டுவிட்டுப் பிடிக்கவில்லையென்று நின்றுவிடாதீர்கள். சில வாரமாவது போய்ப் பாருங்கள்.

3. அருகில் கூட்டம் இல்லையானால்? இரண்டு மூன்று பேர் சேர்ந்தாலே கூட்டமென்பது அவர்கள் வழக்கம். தம் நாமத்தினாலே இரண்டு மூன்று பேர் கூடுமிடத்தில் தாம் இருப்பதாக ஆண்டவரும் சொல்லியிருக்கிறார். பங்குகள் ஓர் அறையையும் நாற்காலிகளையும் ஒரு மணி நேரத்துக்கு விடலாம். ஆனால் நடத்துவதை அவர்களிடமே விட்டுவிட வேண்டும். வெளியார் பணத்தை அவர்கள் வாங்குவதில்லை. சிறு வாடகை கொடுத்தால் வாங்கிக்கொள்வதே மரியாதை.

4. மனைவிமாருக்கு ஒரு வார்த்தை. "தெரியாமல் சோற்றில் கலந்து கொடுங்கள்" என்று விற்கப்படும் பொடிகளை வாங்காதீர்கள். டைசல்பிராம் போன்ற மருந்து, அறியாமல் தின்றுவிட்டுக் குடிப்பவனைக் கொன்றுவிடவும் கூடும். அன்றியும், நல்ல நோக்கத்துக்காகவும் வஞ்சகம் ஆகாது. அவன் மனமே திரும்ப வேண்டியிருக்க, அவன் மனத்துக்குத் தெரியாமல் அவனைத் திருப்ப முடியாது. உங்களுக்கென்றே 1951 முதல் அல்-அனான் என்னும் குடும்பத்தார் கூட்டமும் உண்டு. அவர் குடிப்பதற்கு நீங்கள் காரணமல்ல என்பதை அங்கே முதலில் கற்பீர்கள். அடி உதையைப் பொறுத்துக்கொள்வது புண்ணியமென்று நினைக்க வேண்டாம். 181 என்னும் எண்ணில் பெண்களுக்கு உதவி கிடைக்கும்.

இவ்வளவும் சொன்னதால் கூட்டத்துக்குப் போனவரெல்லாம் குணமாவாரென்று எண்ண வேண்டாம். சிலர் விழுவார்கள், எழுந்து திரும்பி வருவார்கள், மறுபடியும் விழுவார்கள். எத்தனை தடவை மன்னிப்பதென்று அர்ச். இராயப்பர் ஒரு கணக்குக் கேட்டார். ஆண்டவர் கணக்கு முடியாத ஒரு தொகையைச் சொன்னார். கூட்டத்தார் "இன்று ஒரு நாள்" என்று எண்ணுகிறார்கள். நாமும் அன்றாட அப்பத்தை அன்றன்றுதான் கேட்கிறோம்.

ஆகவே, கேள்வி கேட்ட தாயே, உமக்கு விடை இதுவே: அவர் கூட்டத்துக்குப் போகலாம், போகவும் வேண்டும். பூசையையும் பாவசங்கீர்த்தனத்தையும் விடாமல் போகட்டும். வழியில் அவரைக் கண்டு பரிகசிப்பவர் நம் பங்கில் ஒருவரும் இல்லாதிருக்கட்டும். உங்கள் தெருவில் ஒருவர் வெட்கத்தோடு வந்து, அந்தக் கூட்டம் எங்கே என்று கேட்டால், ஆக்ரனில் தொலைபேசியை எடுத்த அந்தக் குருவானவரை நினைத்துக்கொள்ளுங்கள். ஏன், எதற்கு என்று கேளாமல் வழி சொல்லுங்கள். கூடுமானால் வாசல் வரை கூடவே போங்கள். கட்டிலைத் தூக்கிய நாலு பேருக்கும் சுவிசேஷம் பெயர் சொல்லவில்லை. ஆனால் அவர்கள் தூக்கியிராவிட்டால் அவன் வாசலுக்கு வெளியிலேயே கிடந்திருப்பான்.

சேசுவின் திரு இருதயம் நம் குடும்பங்களை ஆள்வதாக. வியாதிக்காரரின் ஆரோக்கியமான மாதா நமக்காக வேண்டிக்கொள்வாராக.

உங்கள் பங்குக் குரு